பிரவுண் பேப்பரில ஒரு காணி

ஜெமீலா தையல்காரி. கடை, போர்ட் எண்டு ஒண்டும் இல்லை. குசினி வாசலில மெஷினைப் போட்டு, ஒரு கண் அடுப்பில, ஒரு கண் ஊசியில வச்சுத் தைக்கிற ஆள். கறி அடிப்பிடிக்கும், தையல் கோணாது. ஒருத்தி படலையைத் திறந்துகொண்டு உள்ள வரேக்கயே அவவின்ர மார்பளவு, இடுப்பளவு எல்லாம் ஜெமீலாவின்ர மனதில விழுந்திடும். "போன பெருநாளுக்குப் பிறகு ரெண்டு இஞ்சு ஏறியிருக்கிறாய்" எண்டு முகத்துக்கு நேர சொல்லியும் போடுவா. அதுக்குக் கோவிச்சுக்கொண்டு போனவையும் திரும்பி வந்தவைதான். வேற ஆர் அவ்வளவு திருத்தமாத் தைக்கிறது.

முல்லைத்தீவுத் தண்ணீரூற்றில பிறந்து, அங்கயே கலியாணம் முடிச்சு, தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் ஊரை விட்டுப் போகச் சொல்ல, மற்ற முஸ்லிம் சனத்தோட உடுத்த உடுப்போட வெளிக்கிட்டவா. காணி உறுதிப் பத்திரம் அலுமாரிக்குள்ள இருந்தது. அதை எடுப்பமெண்டு திரும்பினவவை, ரெண்டு நாளில வந்திடலாம், பிள்ளையைத் தூக்கு எண்டு புருஷன் கச்சு முகம்மதுதான் இழுத்துக்கொண்டு போனார். அந்த ரெண்டு நாள் புத்தளத்தில, கிடுகுக் கொட்டிலில, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல போச்சுது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் வீட்டில எது பிழைச்சாலும், பால் பொங்கி ஊத்தினாலும், ஜெமீலா "அண்டைக்கு அந்த உறுதியை எடுக்க விட்டிருந்தா" எண்டுதான் தொடங்குவா. கச்சு முகம்மது எழும்பி வெளியில போயிடுவார்.

ரெண்டாயிரத்து மூண்டில, சமாதானம் எண்டு ரோட்டுத் திறந்தாப்பிறகு, மகள் நஸ்மியாவையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தினம். வந்து பாத்தா, காணியைச் சுத்திச் சிவப்புத் தடி. தடிக்குத் தடி மண்டையோட்டுப் படம். உள்ள மிதிவெடி. வீட்டுக் கூரையும் இல்லை, சுவரும் இல்லை, கல்லுக் கல்லாக் கழட்டிக் கொண்டுபோட்டினம். ஆள் உயரத்துக்குப் பற்றை. அதுக்கு மேலால மூண்டு தென்னையின்ர வட்டு, தலைப்பக்கம்தான், தெரிஞ்சுது. பக்கத்து ஒழுங்கையில சொந்தக்காரர் ஒராளின்ர வீட்டுத் தாழ்வாரப் பத்தியில மெஷினை இறக்கினா ஜெமீலா.

காணி அவவின்ர சீதனம். உம்மா அவவுக்குக் குடுத்தது, அவ நஸ்மியாவுக்குக் குடுக்கவேணும். நஸ்மியாவுக்குப் பத்தொன்பது வயசு. பெண் கேட்டு வந்தவை நல்ல மனிசர்தான், ஆனா மிதிவெடிக்குள்ள வீடு கட்டுற மாப்பிள்ளை எங்க கிடைப்பான்.

மிதிவெடி எடுக்கிற நிறுவனத்துக்குப் பதிவு எழுதுறவர் இளையதம்பி. ஓய்வெடுத்த வாத்தியார், மூக்குக் கண்ணாடியை நெத்தியில வச்சுக்கொண்டு மேசையெல்லாம் தேடுறவர். அவரிட்ட மூண்டு லிஸ்ட் இருந்தது. வீடும் கிணறும் இருந்த காணி முதலாவது லிஸ்ட், அதைத்தான் முதலில துப்புரவாக்குவினம். வயல் ரெண்டாவது. பற்றைக்காடு மூண்டாவது, அதுக்கு எப்ப வருவினமோ படைச்சவனுக்குத்தான் தெரியும்.

"எங்கட படத்தில உங்கட காணி பற்றைக்காடு எண்டு கிடக்குது, தங்கச்சி" எண்டு சிவப்புத் தடியடியில நிண்டு சொன்னார் இளையதம்பி.

"பற்றைக்காட்டிலயா என்ர உம்மா என்னைப் பெத்தவா?"

"நான் சொல்லேல்ல, கொம்பியூட்டர் சொல்லுது. இப்ப எடுத்த படத்தைப் பாத்து அதுக்கு நிறம் போட்டிருக்கினம். பச்சையாத் தெரிஞ்சதெல்லாம் காடு."

"பன்னிரண்டு வருஷம் ஆளில்லாமல் விட்டா உங்கட தலையிலயும் பற்றை முளைக்கும், மாஸ்டர்."

மாஸ்டர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு சிரிச்சார். சிரிச்சுப்போட்டு, "உறுதி இருந்தாக் கொண்டுவாங்கோ. இல்லாட்டி வீடும் கிணறும் காட்டுற பழைய படம் எதுவும் கொண்டுவாங்கோ. வாற மாசம் பத்தாம் திகதி கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில கூட்டம். அண்டைக்கு லிஸ்ட் பூட்டு" எண்டார்.

உறுதி எண்ட சொல்லைக் கேட்டதும் ஜெமீலா புருஷனைத் திரும்பிப் பாத்தா. அவர் தென்னை வட்டைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

பழைய படம் வவுனியாவில பல்கலைக்கழகக் கம்பஸ் ஒண்டில இருக்கெண்டு ஆரோ சொல்லிச்சினம். பிளேனில இருந்து எடுத்த படமாம், ஊர் முழுக்க அதில தெரியுமாம். ஜெமீலா விடியப் பஸ் ஏறினா. புளியங்குளத்தில இயக்கத்தின்ர சோதனை, ஓமந்தையில ஆமியின்ர சோதனை, ரெண்டிலயும் பைக்குள்ள கிடந்த தையல் டேப்பைக்கூட விரிச்சுப் பாத்திச்சினம்.

படம் இருந்த ஆராய்ச்சி அறை எண்டது குளிர் மெஷின் போட்ட ஒரு சின்ன அறை. செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள போகவேணும். அஞ்சாறு கொம்பியூட்டர், சுவரெல்லாம் கலர் கலராப் படம். அங்க வேலை செய்யிற சிவராசா முப்பது வயசுப் பெடியன், சாந்தமான ஆள். கேட்ட உடன தேடி, எண்பத்திநாலாம் ஆண்டுப் படத்தைத் திரையில எடுத்து விட்டான்.

ஜெமீலாவுக்கு முதலில ஒண்டும் விளங்கேல்ல. கறுப்பும் வெள்ளையுமாத் தேமல் விழுந்த தோல் மாதிரிக் கிடந்தது. "இது ரோட்டு, இது குளக்கட்டு" எண்டு சிவராசா காட்டக் காட்ட, அந்த ரோட்டுக்கரையில கையில்லாத சட்டை ஒண்டை விரிச்ச மாதிரி ஒரு துண்டு கண்ணில பட்டுது. கழுத்து வெட்டினமாதிரி வளைவு ஒழுங்கைப் பக்கம். ஜெமீலா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டா.

"தம்பி, அந்த வெள்ளைப் பெட்டி என்ன?"

"கூரை அக்கா. ஓட்டு வீடு."

"பக்கத்தில கடுகு மாதிரிக் கறுப்பாக் கிடக்கிறது?"

"கிணறு போல."

கடுகுதான். அந்தக் கடுகுக்குள்ள இருந்துதான் அவ நஸ்மியாவுக்கு முதல் தலை முழுக வார்த்தது. விரலால அதைத் தொட்டுப் பாத்தா.

பிறகு, "சரி, இதை ஒரு கடதாசியில அடிச்சுத் தாங்கோ, நான் போறன்" எண்டா.

சிவராசா காதைச் சொறிஞ்சான். "அடிச்சுத் தரேலாது அக்கா."

"ஏன், மை முடிஞ்சுதோ?"

"இல்லை. கொழும்பில ஒரு அரசாங்கக் கந்தோரிட்ட இருந்து கையெழுத்து வச்சு எடுத்த படம். இந்த அறைக்குள்ள ஆரும் பாக்கலாம், வெளிய கொண்டுபோகேலாது. வேணுமெண்டா அந்தக் கந்தோருக்கு நீங்கள் எழுதிக் கேக்கோணும்."

"கேட்டாத் தருவினமோ?"

"எங்கட கடிதம் ஒண்டு வச்சுக் கேட்டாத் தருவினம்."

"அப்ப கடிதத்தைத் தாங்கோ."

"கதிர்காமநாதன் சேர்தான் இந்த அறைக்குப் பொறுப்பு. அவர்தான் குடுக்கலாம். அவர் வெளிநாட்டில."

ஜெமீலா திரையைப் பாத்தா, சிவராசாவைப் பாத்தா. "தம்பி, என்ர வீட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டு, வந்து பாத்துவிட்டுப் போ எண்டு சொல்லுறியள். நான் என்ன மிருகக்காட்சிச் சாலைக்கோ வந்தனான்?"

அவனுக்கு முகம் செத்துப்போச்சுது. "பாக்கிறதுக்குத் தடையில்லை அக்கா. எவ்வளவு நேரமும் இருந்து பாருங்கோ. நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" எண்டு எழும்பிப் போட்டான். எழும்பினவன் தேத்தண்ணிக்கு இந்தியாவுக்குப் போனமாதிரி, வரவேயில்லை.

ஜெமீலாவுக்கு அது போதும். பைக்குள்ள பிரவுண் பேப்பர் சுருள் எப்பவும் கிடக்கும், சட்டைக்கு அளவு வெட்டுறதுக்கு. மேசையில விரிச்சா, டேப்பைத் திரையில வச்சா. ஒழுங்கைப் பக்க வேலி இவ்வளவு, ரோட்டுப் பக்கம் இவ்வளவு, வேலியில இருந்து வீட்டு மூலைக்கு இவ்வளவு. திரையில ஒரு இஞ்சு, பேப்பரில நாலு இஞ்சு. ஆளுக்கு அளவெடுக்கிற மாதிரித்தான், என்ன, இந்த ஆள் மூச்சு விடாது, கூச்சப்படாது.

வேலி, தென்னை, வீடு எல்லாம் கீறி முடியக் கரண்ட் போச்சுது. திரை கறுத்துப்போச்சுது. வவுனியாவில கரண்ட் போறது புதினமில்லைத்தானே. கொஞ்சத்தால கரண்ட் வர, சிவராசா ஓடிவந்து படத்தைத் திரும்ப எடுத்து விட்டுப்போட்டு, பேப்பரைக் காணாத மாதிரி அங்கால போனான். ஜெமீலா மிச்சத்தை அளந்தா. குசினி வாசலில இருந்து கிணறு எவ்வளவு தூரம், அது ஒண்டுதான். சுருட்டிப் பைக்குள்ள வச்சா. ஓமந்தையில சோதிக்கிற பெட்டை பேப்பரை விரிச்சுப் பாத்து என்ன இது எண்டு கேக்க, சட்டை வெட்டுறது எண்டு டேப்பையும் கத்திரிக்கோலையும் காட்டினா. முல்லைத்தீவுப் படம் எண்டிருந்தா ரெண்டு பக்கமும் பிடிச்சு இருத்தியிருக்கும். சட்டைக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல.

வீட்டில பேப்பரைப் பாயில விரிச்சதும் கச்சு முகம்மது குந்தியிருந்து பாத்தார். பாத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன, பிழையோ?"

"வீடு சரி. வேலி சரி." விரலை வச்சார். "எங்கட கிணறு எப்பயடி ரோட்டுக்குப் போனது?"

ஜெமீலா பிடுங்கிப் பாத்தா. குசினி வாசலில இருந்து கிணத்தடிக்கு இருபத்திரண்டு காலடி, கச்சு முகம்மது வாளி தூக்கி நடந்த தூரம், அவருக்கு அது பிழைக்காது. பேப்பரின்ர கணக்கில அது நாப்பதுக்கு மேல போய் வேலிக்கு வெளியில நிண்டுது. பிறகுதான் அவவுக்கு ஓடிச்சுது. கரண்ட் வந்தாப்பிறகு அந்தப் பெடியன் எடுத்து விட்ட படம் முந்தினதை விடப் பெரிசு. உடம்பு சின்னவளின்ர அளவில, கை பெரியவளின்ர அளவில. இருபது வருஷத்தில ஒருத்தியின்ர சட்டைக்கும் நடக்காத பிழை, சொந்தக் காணிக்கு நடந்தது.

"உந்த இருபத்திரண்டை வச்சுத் திருத்திக் கீறன்" எண்டார் கச்சு முகம்மது.

"உங்கட காலை வச்சுக் கீறினா மாஸ்டர் நம்புவாரோ? படத்தில அளந்ததெண்டு நான் சொல்லோணும். சொன்னா அது உண்மையா இருக்கோணும்."

கூட்டத்துக்கு மூண்டு நாள் இருக்க, பேப்பரையும் கொண்டு திரும்ப வவுனியாவுக்குப் போனா. பேசாமல் வீட்டில இருந்து திருத்தியிருக்கலாம். அந்த நேர்மைதான் அவவைக் கொண்டுபோய் விழுத்தினது.

அண்டைக்குக் கதிர்காமநாதன் சேர் வந்திருந்தார். வெள்ளைச் சேட்டு, மெல்லிய குரல், நல்ல மனிசன். பேப்பரை அவர் மேசையில விரிக்கச் சிவராசா சுவரோட ஒட்டிக்கொண்டு நிண்டான், இப்ப ஏச்சு விழப்போகுது எண்டு. சேர் ஏசேல்ல. கண்ணாடியைப் போட்டு, குனிஞ்சு, பேப்பரைப் பிள்ளையைத் தடவுற மாதிரித் தடவினார்.

"அம்மா, இதை நீங்களோ கீறினது?"

"ஓம் சேர். கிணறு மட்டும் பிழைச்சுப்போச்சு. அந்தப் படத்தை ஒருக்கா எடுத்து விட்டியள் எண்டா நான் அளந்து திருத்திக்கொண்டு போயிடுவன்."

"நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள்? நாங்கள் திருத்துறம். இதைக் கொம்பியூட்டரில ஏத்தி, சரியான இடத்தில பொருத்தி வைக்கிறம். கடதாசி கிழியும், இது கிழியாது. மிதிவெடி எடுக்கிற நிறுவனங்களுக்குக் கிழமைக்கொருக்காச் சீடியில குடுக்கிறனாங்கள். உங்கட வீடும் கிணறும் அவையின்ர படத்தில நேர போய் விழும்."

அதைவிட வேற என்ன வேணும்? சேர் நீட்டின படிவத்தில ஜெமீலா கையெழுத்து வச்சா. படிவம் இங்கிலீசில இருந்தது. சிவராசா ஏதோ சொல்ல வாயெடுத்தான், சேர் பாக்க மூடிப்போட்டான்.

"அப்ப என்ர பேப்பரைத் தாங்கோ சேர், நான் வெளிக்கிடுறன்."

"இது இப்ப மூலப் பிரதி அம்மா. இஞ்சதான் இருக்கோணும்."

"அப்ப ஒரு கொப்பி அடிச்சுத் தாங்கோ."

"இது இப்ப அறையின்ர தரவு. நிறுவனத்துக்குக் குடுக்கலாம். தனி ஆளுக்குக் குடுக்கிறதெண்டா ஒரு குழு இருக்கு, அது கூடி அனுமதிக்கோணும். மூண்டு மாசத்துக்கு ஒருக்காக் கூடுவினம். நீங்கள் ஒரு கோரிக்கை எழுதித் தாங்கோ, நானே முன்னுக்கு வைக்கிறன்."

"சேர், அது நான் கீறின பேப்பர். என்ர பையில வந்தது."

"விளங்குது அம்மா" எண்டார் சேர். உண்மையா அவருக்கு விளங்கினதுதான். விளங்கிக்கொண்டே பேப்பரை இரும்பு அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டினார்.

ஜெமீலா கோரிக்கை எழுதிக் குடுத்தா. வேற என்ன செய்யிறது, அலுமாரியை உடைக்கிறதோ? சிவராசா பஸ் நிலையம் வரைக்கும் கூட வந்தான். பஸ் வெளிக்கிடேக்க, "அக்கா, அண்டைக்கே கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கக் கூடாது" எண்டான்.

"இதை வாசலிலயே சொல்லியிருக்கலாம் தம்பி."

"என்ர வேலை அக்கா."

பத்தாம் திகதி கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில சனம் நெரிஞ்சுது. ஆளாளுக்குக் கையில உறுதி, கலியாணப் படம், வரிக் கடதாசி. ஜெமீலா வெறுங்கையோட போய் இளையதம்பிக்கு முன்னால நிண்டா.

"கொம்பியூட்டரைப் பாருங்கோ மாஸ்டர். கம்பஸில இருந்து வந்திருக்கும்."

இளையதம்பி தட்டித் தட்டிப் பாத்தார். நெத்தியில இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கிச்சுது. "அட, ஓம். வந்திருக்குத்தான்." திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சைப் பற்றைக்காட்டுக்கு மேல சாம்பல் கோட்டில அவவின்ர கையில்லாத சட்டை. வீடு. குசினி வாசலுக்கு நேர, சரியா இருபத்திரண்டு காலடியில, கிணறு. திருத்தித்தான் இருந்தினம். கச்சு முகம்மது குனிஞ்சு பாத்துச் சிரிச்சார், அவர் அப்பிடிச் சிரிச்சுக் கன காலம்.

"அப்ப முதலாவது லிஸ்டில போடுங்கோ" எண்டா ஜெமீலா.

"அதில ஒரு சிக்கல் தங்கச்சி. சாம்பல் கோடு எண்டா இன்னும் சரிபார்க்கேல்ல எண்டு அர்த்தம். சரிபார்த்தாத்தான் நான் லிஸ்டில போடலாம்."

"ஆர் சரிபார்க்கிறது?"

"கம்பஸ் ஆக்கள் வருவினம். கிணத்தடியில போய் நிண்டு, ஒரு சின்ன மெஷினைப் பிடிச்சு இடத்தைப் பதிவினம்."

"அப்ப வரச் சொல்லுங்கோ."

"மிதிவெடி இருக்கிற காணிக்குள்ள ஆரையும் விடேலாதே."

"அப்ப மிதிவெடியை எடுங்கோ."

"முதலாவது லிஸ்டில இருந்தா உடன எடுப்பம்."

ஜெமீலா அவரையே பாத்தா. இளையதம்பிக்கும் தான் என்ன சொன்னனெண்டு அப்பத்தான் காதில விழுந்தது போல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "நான் என்ன செய்ய, பிள்ளை. எனக்குத் தெரியும் அங்க வீடு இருந்தது. உங்கட கிணத்தில தண்ணியும் குடிச்சனான். எனக்குத் தெரிஞ்சதைப் போட இதில பெட்டி இல்லை."

பின்னால நிண்ட சனம் நெருக்கிச்சுது. மூண்டாவது லிஸ்ட் எண்டு எழுதினார்.

திரும்பி வரேக்க சிவப்புத் தடியடியில கச்சு முகம்மது நிண்டிட்டார். "அந்த மெஷினை வாங்கித் தா. நான் போறன் உள்ள. எனக்கு வழி தெரியும். இருபத்திரண்டு காலடி."

"எனக்குக் கிணறு வேணும்தான்" எண்டா ஜெமீலா. "அதுக்காகக் காலில்லாத புருஷனை வச்சுக்கொண்டு என்ன செய்யிறது. நடவுங்கோ."

பெண் கேட்டு வந்தவை ஒரு வருஷம் பாத்துப்போட்டு வேற இடத்தில முடிச்சினம். அவையைக் குறை சொல்ல ஏலாது. அதுக்குப் பிறகு கடல் வந்து கரையெல்லாம் அள்ளிக்கொண்டு போச்சுது. மிதிவெடி எடுக்கிற வாகனங்களும் கரைப்பக்கம் போட்டுது. மூண்டாவது லிஸ்டைப் பற்றிக் கேக்க ஜெமீலாவுக்கே வெக்கமா இருந்தது, பிள்ளையளைப் பறிகுடுத்த சனத்துக்கு முன்னால. நஸ்மியாவைப் புத்தளத்தில ஒரு வாடகை வீட்டுக்குக் கட்டிக் குடுத்தினம்.

ரெண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கடைசியில திரும்பச் சண்டை மூண்டு செல்லடிக்கத் தொடங்கிச்சுது. ஓமந்தைப் பாதை ஒரு நாள் திறந்தா மூண்டு நாள் பூட்டு. ஊர்ச் சனம் எல்லாம் ஜெமீலாவிட்டத்தான் வந்திச்சினம், நெஞ்சோட கட்டுற பை தைக்க. உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்று எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டு உடுப்புக்குள்ள கட்டினா, எங்க ஓடினாலும் கூட வரும். முல்லைத்தீவில அந்த மாசம் வேற ஒரு சட்டையும் தைக்கேல்ல அவ. பை, பை, பை.

அந்த நேரத்திலதான், கோரிக்கை எழுதிக் குடுத்து மூண்டு வருஷத்துக்குப் பிறகு, கம்பஸ் முத்திரை போட்ட கடிதம் வந்தது. கச்சு முகம்மது உடைச்சு வாசிச்சார்.

"தண்ணீரூற்றில் அமைந்துள்ள, வீடும் கிணறும் அடங்கிய தங்களது காணியின் வரைபடப் பிரதியைத் தங்களுக்கு வழங்கக் குழு அனுமதித்துள்ளது. அடையாள அட்டையுடன் நேரில் வந்து, இத்திகதியிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் பெற்றுக்கொள்ளவும்."

திகதியைப் பாத்தார். கடிதம் எழுதி ஏழு கிழமை. கடைசியில சிவராசாவின்ர கையெழுத்து. அதுக்குக் கீழ பேனையால, பிந்திவிட்டது, மன்னிக்கவும் அக்கா எண்டு சின்னனா எழுதியிருந்தான்.

கச்சு முகம்மது கடிதத்தைக் கசக்கப் போனார். ஜெமீலா வாங்கி, மெஷினின்ர பலகையில வச்சு, கையால அழுத்தி நேராக்கினா. பிறகு தனக்கெண்டு தைச்சு வச்ச பையை எடுத்தா. ஊரெல்லாத்தின்ர பையிலயும் உறுதி இருந்தது. அவவின்ர பை வெறும் பை. கடிதத்தை நாலா மடிச்சு அதுக்குள்ள வச்சு, வாயைத் தைச்சா.

"உதை ஏன் கொண்டுபோறாய்? முடிஞ்சுபோன திகதி" எண்டார் கச்சு முகம்மது.

"வீடும் கிணறும் இருந்ததெண்டு எழுத்தில இருக்கிறது இது ஒண்டுதான்" எண்டா ஜெமீலா. நூலைப் பல்லால கடிச்சு அறுத்தா. "இந்த முறை கையில பிடிச்சு இழுத்தியளெண்டாப் பாருங்கோ."